இருவருக்கான வினைமுற்று

வழக்குக் கட்டு மேசைக்கு வந்தபோது
அவனுக்குப் பெயர் இல்லை.
அந்தரங்கம் காக்க வேண்டுமென்று
ஒரு நிரல் அசைகளைக் குலுக்கிப் போட்டு
எந்த ஊரிலும் எவரும் சூடாத பெயரொன்றை
எடுத்துக் கொடுத்திருந்தது:
வெல்தோரின்.

இயந்திரம் என்னை நீக்கிவிட்டது என்று
முறையிட வந்தவனுக்கு
இயந்திரமே பெயர் வைக்கிறது.
ததேயா இதைச் சொல்லிச் சிரிக்க
ஆள் தேடினாள்.
இரவு ஒன்பது. லக்சம்பர்க்.
கிர்ஷ்பெர்க் குன்றில்
டிராம் மட்டும் விழித்திருந்தது.

கதை சிறியது.
ப்ளோவ்திவ் நகரில்
முதுகில் உணவுப் பெட்டியோடு
கல் பாவிய மேட்டுத்தெருக்களில் சைக்கிள் மிதித்தவன்.
ஒரு ஞாயிறு விடியலில்
செயலி அவன் கணக்கை மூடியது.
நம்பகத்தன்மை மதிப்பெண் முப்பத்தொன்று.
அவ்வளவுதான் கடிதம்.
ஏன் என்று ஆறு தடவை எழுதினான்.
கிணற்றில் போட்ட கல்.
ஏழாவது தடவை பதில் வந்தது:
கணக்கிடும் முறை வணிக இரகசியம்.

அவனுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம்.
எப்பேர்ப்பட்ட தகவல்?
பயன்படும் தகவல் என்கிறது பிரெஞ்சு.
வாய் திறந்து பேசும் தகவல் என்கிறார்
எதிர் அறை ஜெர்மன்காரர்.
அர்த்தமுள்ள தகவல், இது ஆங்கிலம்.
இருபத்து நான்கு மொழிகளில் ஒரே விதி,
இருபத்து நான்கும் மூலம்,
ஒன்று மற்றொன்றின் நிழல் இல்லை.
எல்லாம் அசல் என்றால்
எதைப் பார்த்து எதைத் திருத்துவது?

ததேயாவின் ஸ்லோவேனியத்தில்
விளக்கம் என்ற சொல்லுக்குள்
மேகம் கலைந்த வானம் இருக்கிறது.
சன்னலுக்கு வெளியே
மூன்று நாளாக மூடுபனி.

நான்காம் பின்னிணைப்பு:
பஞ்சர் ஒட்டிய ரசீது, பதினொரு லெவா.
பெயர்மேல் பூசிய கறுப்பு மை
கடைசியில் கை சலித்திருந்தது.
கடைக்காரரின் கோணல் எழுத்தில்
...கோ என்று மட்டும் மிச்சம்.
ஷிவ்கோவா? ராத்கோ? ஸ்தாங்கோ?
தேதியைப் பார்த்தாள்.
மதிப்பெண் சரியத் தொடங்கிய அதே புதன்கிழமை.
அன்று நாற்பது நிமிடம் தாமதம் என்று
செயலிக்குத் தெரியும்.
ஆணி தெரியாது.

ஐம்பத்தெட்டாம் பத்தியில்
கை நின்றது.
அவள் மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருவருக்கென்றே ஒரு வினைமுற்று உண்டு.
புதுமணத் தம்பதிக்கும்
தெருவில் கடித்துக்கொள்ளும் இரண்டு நாய்களுக்கும்
அதே விகுதி.
'இரு தரப்பும் கேட்கப்பட வேண்டும்'
என்று எழுதியதும்
பதினொரு நாட்டு நிறுவனமும்
...கோவும்
ஒரே விகுதியில், ஒரே பெஞ்சில்,
தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.
விகுதி பங்கு விலை கேட்கவில்லை.

அவள் அதை இன்னொரு முறை வாசித்தாள்.
இலக்கணம் கொடுத்த நீதி இவ்வளவுதான்.
மீதி ப்ளோவ்திவுக்குத் திரும்பிப் போகும்.
இந்த நீதிமன்றம் கேள்விக்குப் பதில் சொல்லும்,
வழக்கை முடிக்காது.
அதற்குள் அவன் எந்தக் கிடங்கில்
எதைச் சுமக்கிறானோ.

ஒன்பதே முக்காலுக்கு
வாயிற்காவலர் கூப்பிட்டார்.
அவள் கேட்ட நூடுல்ஸ் வந்திருக்கிறது.
நனைந்த பையன் ஒருவன்.
மூடி நெகிழ்ந்து
சாறு பாதி பையிலேயே நின்றது.
மன்னியுங்கள் என்றான்,
எந்த மொழி என்று தெரியாத உச்சரிப்பில்.
பரவாயில்லை என்றாள்.
அவன் மூடுபனிக்குள் மிதித்துப் போனான்.

மின்தூக்கியில் கைபேசி ஒளிர்ந்தது:
விநியோகம் எப்படி இருந்தது?
ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.
ஐந்தையும் தொடலாம். அது பொய்.
மூன்று போடலாம். அது சாறு.
கட்டைவிரல் கண்ணாடிக்கு ஒரு நூல் மேலே
நின்றது.

நான்காம் மாடி. கதவு திறந்தது.
திரை தானாக அணைந்தது.

அவள் தொடாமல் விட்டதையும்
எங்கோ ஒன்று
எண்ணிக்கொண்டது.